லேப்டாப் ரேமைக் கூட்டுவது எப்படி, வேகமான ரேம் போட்டால் வேகம் கூடுமா: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சென்னை ரிச்சி தெருப் பக்கம் லேப்டாப் ரேம் கேட்டுப் போனால் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “2400 எல்லாம் இப்ப எதுக்கு சார்? 3200 போட்டுக்கங்க, சும்மா பறக்கும்.” போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் பறக்காது. ரேம் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது அளவு. அடுத்தது, அது ஒற்றைக் குச்சியா (குச்சி என்பது ஒரு ரேம் பலகை) இரட்டைக் குச்சியா என்பது. அட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கும் வேக எண்ணுக்கு மூன்றாம் இடம்தான். பெரும்பாலான லேப்டாப்களில் அந்த எண்ணைக் கூட்ட நமக்கு வழியும் கிடையாது.

உதாரணத்துக்கு லெனோவோவின் திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்த அலுவலக லேப்டாப். நிறுவனங்கள் மாற்றிக் கழித்தவை இப்போது பழைய லேப்டாப் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. உள்ளே இன்டெல் 8-ஆம் தலைமுறை பிராசசர், ரேமுக்கு இரண்டு ஸ்லாட். விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்கும் தலைமுறை என்பதால், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்த பிறகும் இதற்கு மவுசு குறையவில்லை. உங்களிடம் இருப்பது வேறு மாடல் என்றாலும் படிகள் இவையேதான்.

படி 1: குறை ரேமில்தானா என்று பாருங்கள்

லேப்டாப் மந்தமானதும் ரேம் வாங்க ஓடாதீர்கள். வழக்கமாக நீங்கள் வைத்திருக்கும் எல்லாவற்றையும் திறந்துகொள்ளுங்கள்: பிரவுசர் டேப்கள், எக்செல், வாட்ஸ்ஆப், டேலி, எது உண்டோ அது. பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘பெர்ஃபாமன்ஸ்’ பகுதிக்குப் போய் ‘மெமரி’யைத் தொடுங்கள்.

சாதாரண வேலையிலேயே பயன்பாடு 85 சதவீதத்துக்கு மேல் போய் அங்கேயே நின்றால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். இடம் தீர்ந்ததும் விண்டோஸ் கொஞ்சம் தகவலை டிஸ்க்குக்குத் தள்ளும், வேண்டும்போது திரும்ப இழுக்கும். டேப் மாற்றும்போது திரை ஒரு நொடி உறைந்து பிறகு விழிப்பது பெரும்பாலும் இதனால்தான். பயன்பாடு 50, 60 சதவீதத்தில் நின்றும் லேப்டாப் மந்தமாக இருந்தால் நோய் வேறு.

இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான். ஹார்டு டிஸ்க்கில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு முள் நகர்ந்து தகவலை எடுக்க ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் ஆகும். இந்த மந்தத்தை எந்த ரேமும் ஈடுகட்டாது. இதைச் சொல்லாமல் ரேமை மட்டும் விற்று அனுப்பும் கடைகள் உண்டு.

படி 2: கழற்றி மாட்ட முடியுமா?

அதே மெமரி பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’, ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். ‘சோடிம்’ என்றிருந்தால் கழற்றக்கூடிய குச்சி. ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் மதர்போர்டிலேயே பற்றவைத்த ரேம்.

ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பற்றவைத்த ரேம் உள்ள சில லேப்டாப்களில் ஸ்லாட்டே இல்லாதபோதும் விண்டோஸ் ‘2-க்கு 2’, ‘8-க்கு 8’ என்று காட்டும். மாடல் எண்ணை முழுதாக எடுத்துக்கொண்டு தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலில் பார்ப்பதுதான் உறுதி. லெனோவோ, டெல், எச்பி மூன்றுமே இந்த மேனுவல்களை இலவசமாகத் தருகின்றன.

முழு மாடல் எண் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. டி480-இல் இரண்டு ஸ்லாட். டி480எஸ் என்று கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்தால், அது மெலிந்த உடம்புக்காரன். ரேமில் ஒரு பகுதி போர்டில் பற்றவைத்திருக்கும், ஸ்லாட் ஒன்றுதான். பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் இந்த ஓர் எழுத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

எல்பிடிடிஆர் வகை ரேம் இருந்தால் முயற்சியை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மின்சாரம் குறைவாக எடுக்கும் இந்த ரேம் வழக்கமான சோடிம் குச்சியாக வருவதில்லை. ஆப்பிளின் எம் வரிசை மேக்புக்குகளிலும், இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசையிலும் ரேம் பிராசசரோடு ஒரே பொதியில் இருக்கிறது. வாங்கும் அன்றைக்கு எடுத்த அளவுதான் கடைசிவரை. இந்த நிலையை மாற்றத்தான் கேம்2 என்ற புது வகை ரேம் பலகைக்கு 2023 டிசம்பரில் ஜெடெக் அமைப்பு தரநிலை வெளியிட்டது. திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறை போன்ற சில மாடல்களில் வந்தும்விட்டது. நம் கைக்கு எட்டும் விலைக்கு அது இறங்கக் காலம் பிடிக்கும்.

படி 3: எந்தத் தலைமுறை ரேம்?

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்கொன்று மாறாது. லேப்டாப் குச்சியில் டிடிஆர்3-க்கு 204 முனைகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும், எனவே தவறானது உள்ளே நுழையவே நுழையாது. நுழையவில்லை என்று பலம் கொடுத்தால் ஸ்லாட்தான் உடையும்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். டிடிஆர்3-இல் இரண்டு ரகம் உண்டு. சாதாரணமானது 1.5 வோல்ட்டில் ஓடும், எல் என்ற எழுத்து சேர்ந்த டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடும். இன்டெல் 4-ஆம் தலைமுறை லேப்டாப்களுக்கு எல் ரகம்தான் வேண்டும். சாதாரண ரகத்தைப் போட்டால் அது ஸ்லாட்டில் உட்காரும், லேப்டாப் எழுந்திருக்காது.

படி 4: எத்தனை ஜிபி?

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது இயங்குவதற்கான அளவு, வேலை செய்வதற்கான அளவு அல்ல. பில் போடுவது, மெயில், யூடியூப் என்ற அளவோடு நிற்பவர்களுக்கு 8 ஜிபி சமாளிக்கும். பிரவுசரும் ஆபீஸ் வேலையும் ஆன்லைன் மீட்டிங்கும் ஒரே நேரத்தில் ஓடினால் 16. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, விர்ச்சுவல் மெஷின், வீடியோ எடிட்டிங் என்றால் 32. என்னைக் கேட்டால், 8 ஜிபி வைத்திருப்பவர் 16-க்குப் போவதில் கிடைக்கும் நிம்மதி, 16 வைத்திருப்பவர் 32-க்குப் போவதில் பெரும்பாலும் கிடைக்காது. போதுமான அளவுக்கு மேல் இருக்கும் ரேமால் பெரிய பலன் இருக்காது.

பிராசசருக்கும் ஓர் எல்லை உண்டு. டி480-இல் வரும் ஐ5-8250யு பிராசசருக்கு இன்டெல் குறிப்பிடும் உச்சவரம்பு 32 ஜிபி.

வேகமான ரேம் போட்டால் வேகம் கூடுமா?

முதல் தடை பிராசசர். ஐ5-8250யு ஏற்கும் உச்ச வேகம் டிடிஆர்4-2400. 3200 குச்சியை மாட்டினால் வேலை செய்யும், ஆனால் 2400-இல்தான் ஓடும். குச்சியில் இருக்கும் ஒரு சின்னச் சிப்பில் அது எந்தெந்த வேகத்தில் ஓட முடியும் என்ற பட்டியல் எழுதப்பட்டிருக்கிறது. லேப்டாப் அதைப் படித்து, தனக்கு ஒத்துவருகிற வேகத்தில் நிறுத்திக்கொள்கிறது. டெஸ்க்டாப்பில் பயாஸுக்குள் போய் வேகத்தை ஏற்றுவார்களே, அந்த வசதி பெரும்பாலான லேப்டாப்களில் பூட்டப்பட்டிருக்கும். 10-ஆம் தலைமுறை ஐ5-10210யு என்றால் எல்லை 2666. 11-ஆம் தலைமுறை ஐ5-1135ஜி7 அல்லது ரைசன் 5 5500யு என்றால் 3200.

இரண்டாவது தடை, கூட இருக்கும் குச்சி. 3200-ஐயும் 2400-ஐயும் சேர்த்து மாட்டினால் இரண்டும் 2400-இல் ஓடும். பழையதைக் கழற்றாமல் புதியதை மட்டும் சேர்ப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

மூன்றாவது விஷயத்தைக் கடையில் யாரும் பேசுவதில்லை. 2400, 3200 என்பது ஒரு நொடிக்கு எத்தனை மில்லியன் தடவை தகவல் கைமாறுகிறது என்ற கணக்கு. கேட்டது முதன்முதலில் கைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தனிக் கணக்கு. அதைத் துடிப்புக் கணக்கில் சொல்லும் எண் சிஎல். லேப்டாப்பில் வழக்கமாக வரும் டிடிஆர்4-2400 ரேமுக்கு சிஎல் 17. துடிப்பு வேகத்தால் (வேக எண்ணில் பாதி) வகுத்துப் பார்த்தால் 14.2 நானோசெகண்ட். டிடிஆர்4-3200-க்கு சிஎல் 22; அதாவது 13.75 நானோசெகண்ட். வித்தியாசம் அரை நானோசெகண்டுக்கும் குறைவு. டிடிஆர்5-4800, சிஎல் 40 என்றால் 16.7 நானோசெகண்ட், இன்னும் கூடியே விட்டது! ஓட்டத்தின் அகலம் பெருத்திருக்கிறது, முதல் சொட்டு வரும் நேரம் அப்படியேதான் நிற்கிறது. வேர்டு ஃபைல் திறப்பதும் இணையப் பக்கம் பார்ப்பதும் அகலத்தை நம்பி நடக்கும் வேலைகள் அல்ல. தவிர, அடிக்கடி தேவைப்படுவதைப் பிராசசர் தனக்குள் இருக்கும் சிறு நினைவகமான கேஷிலேயே வைத்துக்கொள்வதால் ஒவ்வொன்றுக்கும் ரேம் வரை போவதும் இல்லை.

இரட்டைக் குச்சியின் மகிமை

அகலம் வேண்டும் என்றால் அதற்கு எளிய வழி இரண்டாவது ஸ்லாட்டில் இருக்கிறது. ரேஷன் கடையில் பில் போடுபவரை வேகமாக எழுதச் சொல்வதைவிட இரண்டாவது கவுன்டரைத் திறந்தால் வரிசை சீக்கிரம் கரையும். கணக்கைப் பாருங்கள். 2400 குச்சி ஒன்று நொடிக்கு 19.2 ஜிபி கடத்தும். அதைத் தூக்கிவிட்டு 3200 போட்டால், லேப்டாப் ஏற்றால், 25.6 ஜிபி. அதே 2400 குச்சி இன்னொன்றைச் சேர்த்தால் 38.4 ஜிபி. இதைத்தான் டூயல் சேனல் என்கிறார்கள்.

இதன் பலன் யாருக்கு? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ரேமையே பங்கு போட்டுக்கொள்கிறது. ஒற்றைக் குச்சியோடு ஓடும்போது அது பட்டினி கிடக்கிறது. இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி, 11-ஆம் தலைமுறை ஐ5, ஐ7 லேப்டாப்கள். ஒரு குச்சி மட்டும் இருந்தால் டிவைஸ் மேனேஜரில் ‘இன்டெல் யுஎச்டி கிராஃபிக்ஸ்’ என்று காட்டும். இரண்டாவது குச்சியைப் போட்டதும் பெயரே ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று மாறிவிடும். டூயல் சேனல் இருந்தால்தான் அந்தப் பெயர் என்பது இன்டெலின் விதி. அட்டைப்பெட்டியில் ஐரிஸ் எக்ஸ்இ என்று போட்டு, உள்ளே ஒற்றை 8 ஜிபி குச்சியோடு விற்கும் தயாரிப்பாளர்களை என்னவென்று சொல்வது!

4 ஜிபி பற்றவைத்து ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும் மாடல்களில் 8 ஜிபி குச்சி போட்டால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். இன்டெல் லேப்டாப் என்றால் நான்கும் நான்கும் சேர்ந்து 8 ஜிபி வரை இரட்டையாக ஓடும், மீதி 4 ஜிபி ஒற்றையாக ஓடும். தாராளமாகப் போடலாம்.

“டிடிஆர்5-இல் ஒரு குச்சியே டூயல் சேனல் சார்” என்ற பேச்சையும் கேட்பீர்கள். டிடிஆர்5 குச்சிக்குள் 32 பிட் கால்வாய்கள் இரண்டு இருப்பது உண்மை. இரண்டும் சேர்ந்தால் அதே பழைய 64 பிட்தான். இரண்டாவது குச்சிக்கு அது மாற்றாகாது.

அப்படியானால் வேக எண்ணால் பயனே இல்லையா? உண்டு. பிராசசர் அந்த வேகத்தை ஏற்று, கிராஃபிக்ஸும் உள்ளேயே இருந்து, நீங்கள் கேம் ஆடுபவராக இருந்தால் 2666-க்கும் 3200-க்கும் இடையே சில ஃபிரேம்கள் வித்தியாசம் தெரியும். பெரிய ஃபைல்களை 7-ஜிப்பில் சுருக்குபவர்களுக்கும் தெரியும். கணக்கு எழுதுபவருக்கும் கதை எழுதுபவருக்கும் தெரியாது.

படி 5: வாங்கும்போது

முதலில் உள்ளே இருக்கும் குச்சியின் லேபிளைப் படியுங்கள். சாம்சங், ஹைனிக்ஸ் குச்சிகளில் ‘8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2400டி’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். பிசி4 என்றால் டிடிஆர்4. 2400டி என்றால் 2400 வேகம், சிஎல் 17. 2666-க்கு வி என்ற எழுத்தும் 3200-க்கு ஏஏ என்ற எழுத்தும் வரும். நடுவில் 1ஆர்எக்ஸ்8 இருப்பது நல்லது. 1ஆர்எக்ஸ்16 என்றிருந்தால் சிப்கள் குறைவு, அதே வேக எண்ணிலும் சற்று மந்தம்.

இருப்பதோடு சேர்க்கிறீர்கள் என்றால் அதே அளவு, அதே வேகம், முடிந்தால் அதே ரேங்க் (லேபிளில் 1ஆர் என்று வருவது). பிராண்ட் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2400 கிடைக்காமல் 3200 அதே விலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். அடுத்த லேப்டாப்புக்கு உதவினாலும் உதவும். கூடுதல் விலை கேட்டால் வேண்டாம்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. நம்மூரில் பலரும் வாங்கிய கிரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக அதன் உரிமையாளரான மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் வேறு லேப்டாப்பிலிருந்து கழற்றிய சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் குச்சிகள் மோசமில்லை. ரேமில் தேய்கிற பாகம் எதுவும் கிடையாது. பில்லும், ஒரு வாரமாவது மாற்றிக்கொள்ளும் உத்தரவாதமும் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள்.

படி 6: மாட்டுவது

வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறங்கள். திறப்பதே தவறில்லை என்று சொல்லும் நிறுவனங்களும் நீங்கள் ஏற்படுத்திய சேதத்துக்குப் பொறுப்பேற்காது.

ஷட் டவுன் செய்து சார்ஜரைப் பிடுங்குங்கள். டி480-இல் இரண்டு பேட்டரி. பின்னால் இருப்பதைத் தாழ்களை நகர்த்தி எடுத்துவிடலாம். இன்னொன்று உள்ளே இருக்கிறது. அதை முடக்க, சார்ஜர் இல்லாத நிலையிலேயே லேப்டாப்பை ஆன் செய்து எஃப்1 அழுத்தி பயாஸுக்குப் போய் ‘கான்ஃபிக்’, ‘பவர்’ என்ற வரிசையில் ‘டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி’யைத் தேர்ந்தெடுங்கள். இந்த வசதி இல்லாத லேப்டாப்களில் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். மின்சாரம் இருக்கும்போது ரேமைத் தொட்டால் போர்டு போய்விடலாம்.

மூடியின் திருகுகளைத் தளர்த்துங்கள். டி480-இல் அவை மூடியோடே ஒட்டிக்கொண்டு நிற்கும், தொலையாது. மற்ற லேப்டாப்களில் நீளம் மாறி மாறி இருக்கும். எந்தத் திருகு எந்த ஓட்டை என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மூடியின் விளிம்பில் பழைய ஏடிஎம் கார்டைச் செருகி மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் காயப்படும்.

உள்ளே கைவைக்கும் முன் ஏதாவது இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். கார்ப்பெட் மீது உட்கார்ந்து இந்த வேலை வேண்டாம்.

பழைய குச்சியை எடுக்க, இரு பக்கமும் இருக்கும் உலோகக் கைகளை ஒரே நேரத்தில் வெளிப்பக்கமாக விலக்குங்கள். குச்சி தானாகவே சாய்வாக எழும்பும். விளிம்பைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். புதியதைச் செருகும்போதும் அதே சாய்வு, சுமார் 30 டிகிரி. வெட்டை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, தங்க நிற முனைகள் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும் அளவுக்கு உள்ளே தள்ளுங்கள். பாதித் தங்கம் வெளியே தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை. பிறகு இரு முனைகளையும் கட்டைவிரல்களால் கீழே அழுத்துங்கள். இரு பக்கக் கைகளும் ‘டிக்’ என்று பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

படி 7: மாட்டிய பிறகு

முதல் தடவை ஆன் செய்ததும் திரை கொஞ்ச நேரம் கருப்பாகவே இருக்கலாம். லேப்டாப் புது ரேமோடு பேசிப் பழகிக்கொள்கிறது. டிடிஆர்5-இல் இது ஓரிரு நிமிடங்கள்கூட நீளும். பயந்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். டி480-இல் முடக்கிய உள் பேட்டரி, சார்ஜரைச் செருகியதும் தானாக உயிர் பெறும்.

நான்கைந்து நிமிடம் ஆகியும் அசைவில்லை என்றால் மறுபடி கழற்றி மாட்டிப் பாருங்கள். அதிலும் வரவில்லையா? ஒரு நேரத்தில் ஒரே குச்சி, ஒரே ஸ்லாட் என்று மாற்றி மாற்றிப் போட்டால் குற்றவாளி குச்சியா ஸ்லாட்டா என்று தெரிந்துவிடும். முனைகளில் அழுக்கிருந்தால் பென்சில் ரப்பரால் லேசாகத் துடைப்பது சர்வீஸ்காரர்களின் பழைய வைத்தியம். துகள்களை ஊதிவிட்டு மாட்டுங்கள்.

விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மொத்த அளவையும் வேகத்தையும் சரிபாருங்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்ப்பவர்கள் 2400 ரேமுக்கு 1200 என்று காட்டுவதைக் கண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் கைமாறுவதுதான் டிடிஆர். அது துடிப்பை மட்டும் காட்டுகிறது. ரேம் டூயல் சேனலில் ஓடுகிறதா என்பதையும் அதே பக்கத்தில் பாருங்கள்.

கடைசியாக, ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தேடி ஒருமுறை ஓட விடுங்கள். பழைய குச்சி வாங்கியவர்கள் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுவது இன்னும் நல்லது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தக் குச்சி வேண்டாம். மாற்றிக்கொள்ளும் நாள் முடிவதற்குள் பில்லோடு கடைக்குப் போய்விடுங்கள். கழற்றிய குச்சியை அதுவரை தூக்கி எறிய வேண்டாம், புதியது வந்த உறையிலேயே போட்டு வையுங்கள். இப்போதைய சந்தையில் பழைய டிடிஆர்4 குச்சிக்கும் விலை கிடைக்கிறது.